பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒற்று பார்த்தவள் எப்படி இருந்திருப்பாள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்காக உளவு பார்க்கும் ஒரு பெண்ணை நாயகியாக வைத்து நாவல் எழுதுகிறீர்கள். அவள் ஆடல்காரியாகப் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் நுழைகிறாள், மேஜரை மயக்கிச் சாவியை எடுக்கிறாள், சிறையைத் திறக்கிறாள், கடைசியில் வெடிமருந்துக் கிடங்கோடு தானும் எரிந்து சாகிறாள். “இப்படி நடந்திருக்க முடியுமா?” முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கேள்விக்குள் இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. அந்தக் காலத்தில் இந்தச் சீமையில் ஒரு பெண் ஒற்று பார்த்தாள் என்றால், எந்த வேலையைச் சொல்லிக்கொண்டு கோட்டை வாசலைத் தாண்டியிருப்பாள், எவனுக்குப் பயந்திருப்பாள், பார்த்ததை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பாள், சண்டை முடிந்தபின் என்ன ஆகியிருப்பாள்? அதைத்தான் சொல்லப் பார்க்கிறேன். நான் பாளையங்கோட்டையில் முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். காப்பகத்தில் உட்கார்ந்து மூல ஆவணம் புரட்டியவன் இல்லை. அச்சில் வந்த கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) குறிப்புகளைப் படித்திருக்கிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த இடங்களில் நடந்திருக்கிறேன், அவ்வளவுதான். பாஞ்சாலங்குறிச்சி அரண்மனையின் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எனக்குத் தெலுங்கு தெரியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சந்தேகமில்லாத சங்கதிகளை முதலில் வைத்துக்கொள்வோம். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபரில். அதன்பின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைக் கோட்டையில் கைதிகள். 1801 பிப்ரவரி 2 அன்று காவலை முறித்துக்கொண்டு வெளியேறினார்கள். முப்பது மைல் ஓடி, விடியுமுன் சொந்த மண்ணில் நின்றார்கள். ஒரு வாரத்தில் கும்பினிப் படை போய்ப் பார்த்தால், முன்பு இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடி எழும்பி நிற்கிறது, மதில்மேல் ஆயிரத்தைந்நூறு பேர். மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலில் கும்பினி தோற்றது. மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை தப்பிச் சிவகங்கைச் சீமைக்கு மருது சகோதரர்களிடம் போனார். பின்னால் பிடிபட்டு, நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கு. இதில் பெரும்பகுதியைக் கண்ணால் பார்த்து எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1830-இல் அச்சேறின. எதிரிதான், ஆனால் ஊமைத்துரையை மெச்சி எழுதிய எதிரி.

இனி உங்கள் சிறை உடைப்புக்கு வருவோம். வெல்ஷ் சொல்கிற இரண்டு சங்கதிகள் உங்களுக்குப் பொன். ஒன்று, அன்று பாளையங்கோட்டையில் இருந்த வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும், இருபது பேர் வாக்கில், மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் ஒன்றாக விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று, கைதிகளுக்குள் பெரியம்மை கண்டிருந்ததால் அன்றைக்குத்தான் கனத்த விலங்கைக் கழற்றியிருந்தார்கள். காலில் விலங்கில்லை, அதிகாரிகள் எல்லோரும் ஒரே வீட்டில் கரண்டியும் கையுமாக. இந்த இரண்டும் ஒரே நாளில் கூடிவந்தது தற்செயலா, அல்லது உள்ளே இருப்பதை ஒருவர் வெளியேயும் வெளியே இருப்பதை உள்ளேயும் சொன்னதாலா? அதற்கு எழுத்தில் பதில் கிடையாது. ஆட்கள் விறகு விற்பவர்களாகவும் யாத்திரை போகும் பக்தர்களாகவும் வேஷம் கட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார்கள் என்பது வாய்மொழி. அவர்களுக்கும் ‘இன்றைக்கு’ என்று யாரோ சொல்லியிருக்கத்தானே வேண்டும்? உங்கள் நாயகி நிற்க வேண்டிய இடம் அந்த இடைவெளிதான். சாவி எடுக்கும் காட்சிக்கே தேவை இல்லை. விருந்து என்றைக்கு, விலங்கு என்றைக்குக் கழலும் என்ற இரண்டு சேதிகளை ஒன்றாக முடிச்சுப் போடுகிறவள்தான் சிறையைத் திறந்தவள்.

ஆடல்காரி வேண்டாம் என்பேன். அழகி ஒருத்தி புதிதாக வந்தால் ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஒற்றுக்கு வேண்டியது திரும்பிப் பார்க்கப்படாத முகம். அதோடு இது பாளையக் காவல் இருந்த சீமை. ஊருக்கு ஊர் காவல்காரன் உண்டு. வழியில் தனியாகப் போகிற பெண்ணை, “ஏளா, நீ யாரு மவ? எந்தூரு?” என்று கேட்காமல் விடமாட்டான். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வைத்திருக்கிறவள்தான் நடமாட முடியும். வேஷக்காரி இரண்டாவது ஊரிலேயே மாட்டிக்கொள்வாள். உங்கள் கதையில் அவள் பயப்படுவதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு. அது சரியில்லை. வெள்ளைக்காரனுக்கு ஒரு கறுத்த பெண்ணுக்கும் இன்னொருத்திக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. அவள் நடுங்க வேண்டியது எட்டயபுரத்து ஆட்களைப் பார்த்து. அவர்கள் கும்பினியின் படைமுகாமில் கூடவே இருந்தார்கள். பேச்சின் இழுவையிலும் தண்டட்டியின் பாங்கிலும் ஊரையும் சாதியையும் சொல்லிவிடுகிற பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள். அவளுடைய பெரியம்மா மகளையே அந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கலாம்.

அப்படியானால் யார்? என் யோசனை, அம்மை வடு விழுந்த முகத்துக்காரி. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆச்சி இருந்தாள். முகம் முழுக்கக் குழி, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். எந்த வீட்டில் அம்மை போட்டாலும் அவள்தான் போவாள். நிலைப்படியில் வேப்பிலை செருகிவிட்டால் தபால்காரர் திண்ணையோடு நின்றுவிடுவார், சொந்தக்காரர்கள் தெருவோடு திரும்பிவிடுவார்கள். ஆச்சி மட்டும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய், பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் தடவிக்கொண்டிருப்பாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அங்கேயேதான் சாப்பாடு. “எனக்கு என்னத்தைப் பயம்? அம்மை என்கிட்ட வாங்க வேண்டியதை வாங்கிட்டா” என்பாள். ஒருமுறை பெரியம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வருவது அபூர்வம் என்ற வைத்தியம் அதற்குள் இருக்கிறது. அம்மைப்பால் குத்தும் முறை இந்தியாவுக்கு வந்ததே 1802-இல். 1801-இல் துரைகளும் சிப்பாய்களும் அம்மைக்குப் பயந்தவர்கள்தான். கைதிகளுக்கு அம்மை கண்ட சிறைக்குள் கஞ்சிக் கலயமும் வேப்பிலையுமாக ஒருத்தி போகிறாள் என்றால், காவல்காரன் அவள் மடியைத் தடவிப் பார்ப்பானா? வாசலைவிட்டு எட்டிப் போய் நின்றுகொள்வான். உங்கள் ஆடல்காரிக்கு ஏழு அத்தியாயம் எடுக்கிற வேலை இவளுக்கு ஒரு பத்தியில் முடியும். சிறைக்குள் அப்படி ஒரு பெண் போனாள் என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை. இது என் கற்பனை. ஆனால் அம்மையும் கழற்றிய விலங்கும் கற்பனை இல்லை. அம்மைக்குரிய தெய்வமாகக் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனைக் கும்பிடுகிற சீமையில் அவளுக்குப் பெயர் தேடி நீங்கள் அலையவும் வேண்டாம். முத்து என்றே வைக்கலாம். கையெழுத்துப் பிரதியில் நீங்கள் வைத்திருக்கும் சமஸ்கிருதப் பெயர் அவள் வாயிலேயே நுழையாது.

ஆங்கிலம் தெரிந்த தமிழ்ப்பெண் அப்போது இருந்திருக்க முடியுமா என்று துணைக்கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இருந்தாள். தஞ்சாவூர்ப் பிராமண விதவை ஒருவர் லிட்டில்டன் என்ற அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்து, 1778-இல் கிளாரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் கோட்டைக்குள் கட்டிய தேவாலயம் 1785-இல் பிரதிஷ்டையானது. இன்றும் நிற்கிறது. ஆகவே விருந்து வீட்டுப் பேச்சைப் புரிந்துகொள்கிற ஒரு வேலைக்காரி உங்கள் கதையில் இருந்தால் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் முத்துவுக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. படை பேசுவதைவிடப் படை தின்பது அதிகம் சொல்லும்.

இதை விளக்க வேண்டும். மார்ச் 31-இல் தோற்றபின், மே 24 வரை கும்பினிப் படை பெரிய துணைப்படையை எதிர்பார்த்துக் கோட்டைக்கு வெளியே கரிசல் காட்டில் உட்கார்ந்திருந்தது. ஏறக்குறைய எட்டு வாரம். ஒற்றுக்கு அதைவிட நல்ல பருவம் உண்டா? அந்தக் காலத்துப் படை என்றால் சிப்பாயைவிடப் பின்னால் வருகிற கூட்டம் பெரிது. மாட்டுக்காரன், சமையற்காரன், வண்ணான், கடைக்காரன், கள் விற்கிறவன். ஒரு குதிரைக்கு ஒரு புல்லுக்கட்டு ஆள் என்பது குதிரைப்படை வழக்கம். பங்குனி, சித்திரையில் ஒட்டப்பிடாரம் பக்கம் புல் ஏது? அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அலசி, கட்டுக்கட்டாகக் கொண்டுவர வேண்டும். அந்தக் கூட்டத்தோடு களைக்கொட்டை எடுத்துக்கொண்டு முத்துவும் போனால், தலைகளை எண்ணினாலே குதிரைக் கணக்கு கிடைத்துவிடும். நெல் குத்தும் களத்தில் உட்கார்ந்தால் ஆள் கணக்கு. கோட்டை என்பது இங்கே நெல் அளவு, நம்மூரில் ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். நேற்று இத்தனை கோட்டை நெல் குத்தினோம், இன்றைக்கு இரண்டு மடங்கு குத்தச் சொல்கிறான் என்றால் புதுப்படை வந்துவிட்டது என்று பொருள். எல்லாவற்றையும்விடப் பெரிய துப்பு மாடு. பீரங்கியை இழுப்பது காளைதான். ஊர் ஊராக உழவுமாட்டைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கினால் படை நகரப்போகிறது என்று மூன்று நாள் முன்பே கிழவிக்கும் தெரிந்துவிடும். கூடாரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று ரகசியம் கேட்கும் காட்சியை உங்கள் நாவலில் நான்கு இடத்தில் பார்த்தேன். நாலையும் எடுத்துவிட்டு ஒரு உலக்கையைக் கொடுங்கள்.

சேதி கொண்டுபோவது அடுத்த சிக்கல். நீங்கள் அவளிடம் காகிதக் கடிதம் கொடுக்கிறீர்கள். எழுத்து பிடிபட்டால் கழுத்து போகும். அவளுக்கு எழுதப் படிக்கவும் தெரிந்திருக்காது. மனப்பாடம்தான் அவள் பை. ஓலை கொடுத்தே தீரவேண்டும் என்றால் ஒரு இடம் சொல்கிறேன். எங்கள் ஆச்சிமார் காது வளர்ப்பார்கள். பாம்படம் போடுகிற அளவுக்குத் தொள்ளை பெரிதாக வேண்டும் என்பதற்காக, பனங்குருத்தோலையைச் சுருட்டிக் காதுத் துளையில் செருகி வைப்பார்கள். சுருள் விரிய விரியத் துளையும் விரியும். நகை இல்லாத ஏழைப் பெண்ணுக்கு அந்தச் சுருளே காதோலை. அதன் உள்சுற்றில் எழுத்தாணியால் நாலு கீறல் இருந்தால் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? இப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சான்று கேட்காதீர்கள். எழுதுகிறவருக்கு என் சீதனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட அருமையான சங்கதி அவள் யாரிடம் சேதி சொல்கிறாள் என்பதில் இருக்கிறது. ஊமைத்துரைக்குப் பேச்சு வராது. உங்கள் பிரதியில் அவர் பக்கம் பக்கமாக வீரவசனம் பேசுகிறார், அதை உடனே வெட்டுங்கள். அவர் கட்டளையிடும் விதத்தை வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார்: சிறு வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவார், அது வெள்ளைக்காரன் படை. எப்போது என்பதற்குச் சில சைகை. பிறகு வலது கையால் ஒரே வீச்சில் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு. இந்தக் காட்சியில் உங்கள் முத்துவை எதிரே உட்கார வையுங்கள். அவள் ‘வடக்கே பீரங்கி, கிழக்கே குதிரை’ என்று சொல்லச் சொல்ல, அவர் உள்ளங்கையில் வைக்கோல் இடம் மாறுகிறது. ஒரு துரும்பைத் தவறான இடத்தில் வைக்கிறார். அரசன் கையைத் தொட்டுத் திருத்தலாமா, கூடாதா? மடியிலிருந்து தானே ஒரு துரும்பை எடுத்துத் தரையில் வைக்கிறாள். நான் எழுதத் தெரிந்தவனாக இருந்தால் நாவலையே அங்கிருந்துதான் தொடங்குவேன்.

வெடிமருந்துக் கிடங்கில் அவள் எரிந்து சாவதைப் பற்றி. சிவகங்கைச் சீமைக் குயிலியின் சாயல் அது என்று படிக்கிற எவருக்கும் தெரிந்துவிடும். குயிலி கதையில் ஆவணம் எவ்வளவு, வழக்கு எவ்வளவு, பின்னால் சேர்ந்தது எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் இன்னொரு பெயரை அதே சாவோடு உலவவிட்டால், பத்து வருஷத்தில் யாராவது அதற்குச் சிலை கேட்பார்கள். முன்னுரையில் ‘முத்து என் கற்பனை’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வள்ளுவரும் ஒற்றாடலின் கடைசிக் குறளில் (590) சொல்வது இதையொட்டித்தான்: ஒற்றுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைத்ததை நீயே தெருவில் போட்டவன் ஆவாய். கல்வெட்டில் பெயர் இல்லாததை வைத்து, அப்படிப்பட்ட பெண்கள் இருக்கவில்லை என்று நான் முடிவுகட்டமாட்டேன். நன்றாக வேலை பார்த்தவள் பெயர் கல்வெட்டுக்கு வராது. 1801 டிசம்பரில் கும்பினி ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் போட்டது. கோட்டையை இடித்து உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஆமணக்குக் காட்டில் கொட்டைமுத்துப் பொறுக்கிக் கூலி வாங்குகிற ஐம்பது வயதுக்காரியாக உங்கள் நாயகியை என்னால் பார்க்க முடிகிறது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல்.

சில்லறைத் திருத்தங்கள். கைதிகள் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சுலோசன முதலியார் பாலம் வந்தது 1843-இல். தாமிரபரணியை இறங்கித்தான் கடந்திருக்க வேண்டும். ஓடுவது முழுநிலவில் என்கிறீர்கள். நான் பின்னோக்கிக் கணக்குப் போட்டதில் தைப் பௌர்ணமி ஜனவரி 29, 30 வாக்கில் வருகிறது. பிப்ரவரி 2 அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் நிலா எழும்பியிருக்கும். முதலில் கும்மிருட்டு, பாதி வழியில் நிலவு. இது உங்களுக்கு இன்னும் வசதி. தைப்பூசம் முடிந்த மூன்று நாளில் யாத்திரை வேஷம் பொருந்துவதையும் பாருங்கள். தீப்பெட்டி, காப்பி, ரவிக்கை மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நிஜமாகவே ஒரு பெண் எதிரியை ஏமாற்றியதாக எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டீர்களே, இருக்கிறது. வெல்ஷே எழுதியிருக்கிறார். கண்ணால் பார்த்ததல்ல, பின்னால் கேள்விப்பட்டது. ஆகவே கூட்டல் குறைச்சல் இருக்கலாம். மே 24 மாலை, கோட்டை விழுந்தபின், மூன்று மைல் தள்ளிய ஊரிலிருந்து பெண்கள் விழுந்தவர்களைத் தேடி வருகிறார்கள். அன்று வளர்பிறை, பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது, வெளிச்சம் இருந்திருக்கும். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். குற்றுயிராய்க் கிடந்த அவன், “என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று” என்கிறான். சாமி என்பது ஊமைத்துரை. பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வீடு சேர்கிறார்கள். எட்டயபுரத்தார் ஊருக்குள் தேடி வருகிறார்கள். அவரை நீட்டிப் படுக்கவைத்து வெள்ளைத் துணியால் மூடி ஒப்பாரி வைக்கிறார்கள். கேட்டால், பிள்ளை அம்மையில் போய்விட்டான் என்கிறார்கள். வந்தவர்கள் திரும்பிப் பாராமல் ஓடிவிடுகிறார்கள். அந்தத் தாய்க்குப் பெயர் இல்லை. சிறையில் விலங்கைக் கழற்றிய அதே அம்மைதான் இங்கேயும் வாசலில் காவல் நிற்கிறாள். முத்துவை நீங்கள் எந்த வழியாகக் கொண்டுவந்தாலும் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து விடுங்கள்.

ஒப்பாரிக் காட்சியை மட்டும் நடிப்பாக எழுதிவிடாதீர்கள். துணிக்குக் கீழே கிடந்தவர் சாகவில்லைதான். மூன்று மைலுக்கு அப்பால் நிலாவெளிச்சத்தில் விட்டுவிட்டு வந்த மகனை நினைத்துத்தான் அவள் வாய்விட்டு அழுதிருப்பாள் என்று நான் எண்ணிக்கொள்வேன். வாசலில் நின்றவனுக்கு அந்த அழுகையில் பொய் தட்டுப்படாததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் அந்த அத்தியாயத்தை மட்டும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். தெலுங்குப் பேச்சு வருகிற இடங்களை வேறு யாரிடமாவது காட்டிக்கொள்ளுங்கள்.